தியோஷினி என்றால் என்ன?

"அப்பா, என் பேருக்கு என்ன அர்த்தம்?"

கமலநாதன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். மகள் தியோஷினி எதிரே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். பெற்றோர் தினத்தன்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மேடையேறித் தங்கள் பெயரின் பொருளைச் சொல்ல வேண்டுமாம். கயல்விழிக்குப் பொருள் இருந்தது. முகிலனுக்கும் இருந்தது. பொருள் தெரியாத தியோஷினியை மட்டும் வகுப்பே 'தோசை நீ' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது.

"நல்ல அர்த்தம்தாம்மா. ரொம்ப ஆழமானது."

"அந்த ஆழத்தக் கொஞ்சம் சொல்லுங்க, நானும் கேக்குறேன்," என்றாள் மனைவி மலர், அடுப்படியிலிருந்து.

பிள்ளை பிறந்தபோது, ஜொகூர் மாநிலத்திலேயே யாருக்கும் இல்லாத பெயர் என்று மார்தட்டி வைத்தவர் கமலநாதன்தான். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டவர்களிடம், "தானா மனசுல வந்துச்சு" என்றார். ஞானிகளுக்கு அப்படித்தான் வரும் போலும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். எப்படி வந்தது என்பது ஞானிக்கே நினைவில்லை.

கைப்பேசியில் தேடினார். 'தியோ' என்றால் கிரேக்க மொழியில் கடவுள் என்று வந்தது. 'ஷினி'யைப் பற்றிக் கிரேக்கர்கள் வாயே திறக்கவில்லை.

"கிரேக்கப் பேரு! கடவுள்னு அர்த்தம்."

"நம்ம பரம்பரையில கிரேக்கன் யாருங்க? உங்கப்பா பெக்கான் நானாஸ்ல அன்னாசி வெட்டுனவரு." மலரின் குரல் தாழ்ந்தது. "உண்மையச் சொல்லுங்க. யாரு அந்தத் தியோஷினி? என்னைக் கட்டுறதுக்கு முன்னால பழக்கமா?"

மலர் குரலை உயர்த்தினால் சமாளித்துவிடலாம். தாழ்த்தினால் மறுநாள் சமையல் கிடையாது.

கமலநாதன் கோயில் செயலாளர் சதாசிவத்திடம் ஓடினார். உலக மொழிகள் அனைத்தும் தமிழிலிருந்து கிளம்பிப் போனவை, நன்றிகெட்டதனத்தால் திரும்பி வரவில்லை என்ற கருத்துடையவர் அவர்.

"கிரேக்கமாவது மண்ணாவது! தீ, ஓசை, இனி. தீயோசையினி! தூய தமிழ், தம்பி!"

"தீயோட ஓசை எப்படிண்ணே இனிக்கும்?"

"பசியோட அடுப்பாங்கரையில நின்னு பாருங்க, இனிக்கும்."

"நடுவுல அந்த 'ஷ'?"

"எதிரிங்க சொருகினது."

இதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு? கமலநாதன் வீட்டுக்கு வந்து ஒப்பித்தார். மலர் பொறுமையாகக் கேட்டாள்.

"இவ்ளோ நல்ல தமிழ்ப் பேருன்னா, இத்தன வருஷமா ஏன் வாயத் தொறக்கல? யாரு அவ?"

"ஐயோ, அது ஒரு இளவரசி பேரு!" என்று அலறினார் கமலநாதன். "சோழ இளவரசி. கப்பலேறி ஜொகூருக்கு வந்தவங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"செத்து ஆயிரம் வருஷமாச்சு மலர்!"

மலரின் முகம் மலர்ந்தது. செத்துப்போன பெண்கள்மேல் அவளுக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் அந்த நிம்மதியைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். மறுநாளே தலைமையாசிரியர் சபாபதி அழைத்தார்.

"நம்ம பள்ளியில சோழ இளவரசி பேருல ஒரு பிள்ள! நீங்க மேடையில வந்து பேசணும் சார்."

"அன்னிக்கு ஏர்கோன் சர்வீஸ் வேல நெறைய இருக்கு சார்."

"எங்க மண்டபத்து ஏர்கோனும்தான் கெட்டுப்போய்க் கெடக்கு. அதையும் பாத்துட்டு, அப்படியே பேசிட்டுப் போங்க லா."

பெற்றோர் தினம் வந்தது. தியோஷினிக்கு அட்டைக் கிரீடம் சூட்டி மேடையில் நிறுத்தியிருந்தார்கள். முன்வரிசையில் சதாசிவம். அவர் பக்கத்தில், மாணவர்களுக்குப் பல் பரிசோதனை செய்ய வந்திருந்த சீனப் பெண் டாக்டர். ரெங்கம் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவராம். தமிழ் தண்ணீர்பட்ட பாடாம்.

கமலநாதன் நடுக்கத்தோடுதான் தொடங்கினார். கைதட்டல் விழ விழ, இளவரசி வளர்ந்துகொண்டே போனார். நான்கு மொழி பேசினார். புலியை விரட்டினார். பெக்கான் நானாஸில் முதல் அன்னாசிக் கன்றை நட்டவரும் அவரே என்றபோது, அந்தக் காலத்தில் அன்னாசி இந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை என்ற சின்ன விஷயம் யாரையும் உறுத்தவில்லை. சதாசிவம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கமலநாதன் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். கிரீடம் நழுவாமல் கழுத்தை நிமிர்த்தி நின்றாள். கீழே ஒரு பிள்ளைகூட 'தோசை' என்று முணுமுணுக்கவில்லை. பொய்தான். ஆனாலும் குரலை இன்னும் உயர்த்தினார். "தியோஷினி! தீயோசையினி! கலப்பில்லாத தமிழ்ப் பெயர்!" என்று முழங்கி முடித்தார். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. மலர் பெருமையாகச் சுற்றிலும் பார்த்தாள்.

"டாக்டரம்மாவும் ரெண்டு வார்த்த பேசணும்," என்று சபாபதி ஒலிவாங்கியை நீட்டினார்.

டாக்டர் எழுந்தார். கமலநாதனின் முகத்தை, குறிப்பாக வாயை, நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சார், ஏழு வருஷத்துக்கு முன்னால ஸ்கூடாய்ல கடவாப்பல்லப் புடுங்கிட்டு, வாய் நெறையப் பஞ்சோட கிளினிக் போர்டையே முறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, ஞாபகம் இருக்கா? அந்த போர்டுல இருந்த டாக்டர் தியோ ஷி நீ நான்தான்."