ஒரு ஸ்கோன், ஒரு ஓட்டு

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி தேவலையா? இங்கே கான்பெராவில் இன்று காலை குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. இப்படிக் குளிரும்போதெல்லாம் அந்தப் போர்க்கால வருஷம்தான் எனக்கு ஞாபகம் வரும். வெள்ளைக் கட்டடத்து நாடாளுமன்றம், பக்கத்துப் புல்வெளியில் ஆடுகள், தேநீர் அறையில் ஸ்கோன் வேகிற வாசனை. இருக்கட்டும், கதைக்கு வருகிறேன்.

அன்று வியாழக்கிழமை. ட்ரிகியரின் ஸ்கோனைக் காணவில்லை.

போனது பிளம் ஜாம் தடவிய ஒரு ரொட்டிதான். ஆனால் ட்ரிகியர் எந்தக் கட்சியிலும் சேராத சுயேச்சை உறுப்பினர், ஊரில் ஆப்பிள் தோட்டக்காரர். அரசைவிட எதிர்க்கட்சிக்கு ஒரு தலை அதிகம். ட்ரிகியர் அரசுப் பக்கம் வந்தால் சரிசமம். சமமானால் சபாநாயகர் ஓட்டு அரசைக் காப்பாற்றும். மூன்று மணிக்குப் போர்ச் செலவு மசோதா. அது தோற்றால் அரசு கவிழும். அரசுக் கொறடா லேன்யனின் மகன் கீத் பாலைவனத்துப் பதுங்குகுழியில் இருந்தான். அவன் துப்பாக்கிக்குத் தோட்டா அந்த மசோதாவில் இருந்தது.

எதிர்க்கட்சிக் கொறடா டார்கன் காலையிலேயே சீண்டிவிட்டுப் போயிருந்தார்.

"வாராவாரம் எங்காளு ஒருத்தனுக்கு வயித்துவலி வருது, நீ பொழைச்சுக்கிற. இன்னைக்கு எல்லார் வயிறும் கல்லு மாதிரி இருக்கு லேன்யன், தெரிஞ்சுக்க."

ட்ரிகியர் தேநீர் அறை அடுப்போரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆம்ஸ்பிதான் தின்னுருக்கார். உணவு வழங்கல் மந்திரியாம். எனக்கு வரவேண்டியதத் தனக்கே வழங்கிக்கிட்டார்."

"நான் கண்ணால கூடப் பாக்கலப்பா," என்றார் ஆம்ஸ்பி.

"பாத்தீங்களோ இல்லையோ, போய் மன்னிப்புக் கேளுங்க," என்றார் லேன்யன். "வெறுங்கையோட போகாதீங்க."

ஆம்ஸ்பி ஒரு கூடை ஆப்பிளோடு போனார்.

"எந்த ஊரு இது?" என்றார் ட்ரிகியர்.

"டாஸ்மேனியா. முதல் தரம்."

"பேட்லோவுல ஆப்பிள் போடுறவனுக்கு டாஸ்மேனியா ஆப்பிளா? வேணும்னே பண்றீங்களா?"

லேன்யன் அடுத்து ராணுவ மந்திரியை அனுப்பினார். "அவர் ஆப்பிளப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ராணுவ மந்திரி நேராகப் போய் அதே டாஸ்மேனியாக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். "என் ஆயுசுல இப்படி ஒண்ணு தின்னதில்ல. உங்க தோட்டத்து மண்ணே மண்ணு."

 ட்ரிகியரின் காது சிவந்தது.

கடைசியில் நிதியமைச்சரே இறங்கி வந்தார், தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுக்க. பாவம், கோடிகளைக் கையாண்ட கை. கெட்டிலைப் பிடித்துப் பழக்கமில்லை. பாதிக்குமேல் ட்ரிகியரின் மடியில் கொட்டியது. கால்சட்டையைக் கழற்றி அடுப்பின்மேல் காயப் போட்டார்கள். ட்ரிகியர் மேஜைவிரிப்பைச் சுற்றிக்கொண்டார்.

அப்போதுதான் ஓட்டெடுப்பு மணி அடித்தது.

"எழுந்திருங்க, ரெண்டு நிமிஷத்துல சபைக் கதவச் சாத்திருவாங்க," என்றார் லேன்யன்.

"எதப் போட்டுக்கிட்டு?"

"நிதியமைச்சர்கிட்ட இன்னொரு கால்சட்டை இருக்கு."

"அந்த மனுஷன் கால்சட்டையில நான் நாட்டு முன்னால நிக்கணுமா? அடுப்ப விட்டு அசைய மாட்டேன், போ."

லேன்யன் தனியாக ஓடினார். சபை மேஜைமேல் இருந்த மணல் கடிகாரத்தில் கடைசி மணல் இறங்கியது. கதவைப் பூட்டினார்கள். அவர் தலைகளை எண்ணவே இல்லை. கண்ணுக்குள் கீத் மட்டுமே நின்றான்.

சபாநாயகர் முடிவை வாசித்தார். இரண்டு பக்கமும் சமம். தன் ஓட்டு அரசுக்கு.

எதிர்வரிசையில் டார்கன் மேஜையைக் குத்திக்கொண்டிருந்தார். "எவன்டா வரல? பேரச் சொல்லுங்க!"

லேன்யன் சபையை விட்டு வெளியேறினார். தேநீர் அறைக்கு வந்து, ஒரு துளி பிராந்தி அகப்படுமா என்று சரக்கறைக் கதவைத் திறந்தார். மாவு மூட்டைமேல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஃபென்னல்லி உட்கார்ந்திருந்தார். மீசையில் பிளம் ஜாம்.

"கதவ மூடுங்க, குளிருது."

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"வயித்துவலி," என்றார் ஃபென்னல்லி, விரலை நக்கியபடி. "காலையில இருந்து இங்கதான். ஒரு ஸ்கோன் இருந்துச்சு, பசிக்குத் தின்னேன்."

லேன்யன் கதவைப் பாதி சாத்தினார்.

"என் பையனும் உங்க கீத்தும் ஒரே பதுங்குகுழியிலதான் இருக்கானுங்க. லெட்டர்ல எழுதலையா?"

லேன்யன் குரலைத் தாழ்த்தினார். "டார்கனுக்குத் தெரிஞ்சா உங்கள உரிச்சுருவாரே."

கோப்பை துடைத்துக்கொண்டிருந்த தேநீர்க்காரி மர்ட்டில் தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"யாரு, டார்கன் ஐயாவா? யார் யாருக்கு எந்த வாரம் வயித்துவலின்னு பட்டியல் போட்டதே அவர்தான். அடுத்த வியாழன் அவர் முறை, ஸ்கோன்ல திராட்சை போடச் சொல்லிட்டுப் போயிருக்கார்."

உங்களுக்காக வேண்டுமென்றே தோற்ற எதிரி உங்களுக்கும் ஒருவர் இருந்திருப்பார். அவரைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.