டார்னெய்ட்டில் நான் சைலன்சர் மாற்றப் போன கதை

எனக்குக் கரப்பான்பூச்சி என்றால் பயம். வீட்டில் அதை அடிப்பது மனைவி சுகந்திதான். நான் நாற்காலி மேல் நின்று அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வழிகாட்டுவேன். இப்பேர்ப்பட்ட மாவீரன்தான் ஆஸ்திரேலியாவில், மெல்பனின் டார்னெய்ட் புறநகரில் குடியிருந்துகொண்டு, முறைப்படி மனுப்போட்டு ஒரு ரைஃபிள் வாங்கினான் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஏற்றிவிட்டவர் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ரமணன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், மெல்பனுக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். சனிக்கிழமைகளில் ஒரு கிளப்பில் காகித இலக்கைச் சுடுவார். "மனசுக்கு நல்ல அமைதி, செந்தில். ஒருக்கா வந்து பாருமன்" என்றார். அமைதி வேண்டித் துப்பாக்கி சுடுவதில் இருந்த முரண் எனக்கு உறைக்கவே இல்லை. யோகா வகுப்பில் கால் மடங்காதவனுக்கு இதுவாவது வரும் என்று நினைத்தேன்.

வகுப்பு, தேர்வு, காத்திருப்பு எல்லாம் தாண்டி லைசென்ஸ் வந்தது. சட்டம் சொன்னபடி இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கி, கராஜ் சுவரில் போல்ட் போட்டு இறுக்கினேன். "நகை வைக்க ஒரு லாக்கர் வேணும்னு கல்யாணம் ஆனதுல இருந்து கேக்கறேன். இந்தக் குழாய்க்கு வந்துருச்சு பாருங்க" என்றாள் சுகந்தி.

அந்தக் குழாய், செகண்ட்-ஹேண்ட் ரைஃபிள். குழலின் முனையில் பக்கவாட்டில் துளை போட்ட உருளைத் துண்டு ஒன்று இருந்தது. பார்க்க மிடுக்காக இருந்ததால் வாங்கிவிட்டேன். (கார் வாங்கும்போதும் நான் கலர் பார்த்துத்தான் வாங்குவேன். அது வேறு துயரம்.)

கிளப்பில் முதல் குண்டு. எனக்குத் தோளில் லேசான உதைதான். ஆனால் அடுத்த சுடும் மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த மனிதர் டீயைக் குடிப்பதை விட்டுச் சட்டை மேல் அணிந்துகொண்டார். சுடும்போது வரும் வேகக் காற்றை அந்தத் துளைகள் இரண்டு பக்கமும் திருப்பிவிடுமாம். சுடுகிறவனுக்கு உதை குறையும், பக்கத்தில் இருப்பவருக்குக் காது கிழியும். தனக்கு வலிக்காமல் அடுத்தவனுக்கு வலிக்கவைக்கும் இந்தக் கண்டுபிடிப்பை நிச்சயம் ஒரு மேனேஜர்தான் செய்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் கிளப் செயலாளர் ஹெதர் அம்மையார் வந்து, "உன் மசில் பிரேக்கைப் பற்றிப் பேசவேண்டும்" என்றார். நான் புஜத்தைத் தடவிக்கொண்டு, "மசிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, லேசான வலிதான்" என்றேன்.  அவர் குழலின் முனையைத் தொட்டுக் காட்டி, "துப்பாக்கியின் வாய்க்குத்தான் மசில் என்று பெயர். இதை மாற்று. இல்லாவிட்டால் கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்து சுடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கழற்றிவிடலாம் என்று திருகிப் பார்த்தேன். அசையவில்லை. முன்னால் வைத்திருந்த மகராசன் குழலைக் குட்டையாக்கிவிட்டு, சட்டம் கேட்கும் நீளம் வரவேண்டும் என்பதற்காக இந்தத் துண்டை வெல்டிங் வைத்து நிரந்தரமாகப் பொருத்தியிருந்தான். ஆக, என் வீட்டில் பெர்மனன்ட் ரெசிடென்ட் அந்தஸ்தோடு இரண்டு பேர் இருந்தோம், அதுவும் நானும். (சுகந்தி போன வருடமே குடியுரிமை வாங்கிவிட்டாள்.) எனக்கும் கடிதம் வந்திருந்தது: அடுத்த வியாழக்கிழமை விழாவில் உறுதிமொழி எடுத்தால் நானும் ஆஸ்திரேலியன். அதுவரை நன்னடத்தை மட்டும் கெடாமல் இருந்தால் போதும்.

ரமணன் அண்ணையிடம் யோசனை கேட்டேன். "நீர் கை வையாதையும்! அதை வெட்டினா நீளம் குறைஞ்சிடும். குறைஞ்சா சட்டத்துக்கு அது வேற சாமான். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் ஒருத்தர் இருக்கிறார், அவரிட்டக் குடும். அளவு பிசகாம வேற ஒண்டு போட்டுத் தருவார். ஒரு ஈமெயில் அடிச்சுவிடும்" என்றார்.

அங்கேதான் சனி பிடித்தது. ஈமெயிலில் அந்தத் துண்டை என்னவென்று குறிப்பிடுவது? 'மசில்' என்ற சொல்லை நம்பி ஏற்கெனவே ஒருமுறை மானம் போயிருந்தது. நானோ ஈரோட்டில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் பைக்கின் புகைக்குழாய்க்குப் பெயர் சைலன்சர். அது சத்தத்தை அடக்குகிறதா, ஊரை எழுப்புகிறதா என்பதெல்லாம் இரண்டாம் விஷயம். நீளமான இரும்புக் குழாயின் முனையில் எது இருந்தாலும் அது சைலன்சர்தான். எழுதினேன்: "என் ரைஃபிளில் பழைய சைலன்சர் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டுள்ளது. அதை எடுத்துவிட்டு, சட்டத்துக்கு உட்பட்டுப் புதிய சைலன்சர் பொருத்தித் தரவும்."

இதோடு விட்டிருந்தாலாவது தப்பியிருப்பேன். பத்து வருடம் ஐடி-யில் குப்பை கொட்டியவனுக்கு சிசி போடாமல் ஈமெயில் அனுப்பினால் கை நடுங்கும். நல்ல குடிமகனாகப் போகிறவன் அல்லவா? போலீஸின் துப்பாக்கி உரிமப் பிரிவுக்கு ஒரு சிசி போட்டேன். லைசென்ஸ் எண், வீட்டு முகவரி, இரண்டு புகைப்படம். உலகில் எந்தக் குற்றவாளியும் தன்னை இவ்வளவு ஒழுங்காக ஒப்படைத்திருக்க மாட்டான்.

சனிக்கிழமை காலை இட்லி வேகும் நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. ஒரு பெண் போலீஸ், ஒரு ஆண் போலீஸ். எவ்வளவு வேகமான சேவை என்று புல்லரித்துப்போய் உள்ளே அழைத்தேன். (அவர்கள் பேசியது ஆங்கிலம். நான் பேசியதும் அதுதான் என்று அப்போது நம்பினேன்.)

"உங்களிடம் சைலன்சர் இருக்கிறதா?" என்றார் அந்த அம்மா.

"இருக்கிறது, ஆனால் சரியில்லை. ரொம்பச் சத்தம்."

"சைலன்சர்... சத்தமா?"

"பயங்கர சத்தம். அதனால்தான் புதிதாகக் கேட்டிருக்கிறேன்."

அந்த அம்மா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: "இதற்கு முன்னால் சைலன்சர் மாற்றியிருக்கிறீர்களா?"

அனுபவசாலி என்று காட்டிக்கொள்ளும் வாய்ப்பை நான் என்றைக்கு விட்டேன்? "இந்தியாவில் மூன்று முறை! என் அப்பாவும் மாற்றியிருக்கிறார். காலேஜில் படிக்கும்போது கழற்றி வீசிவிட்டு டவுனுக்குள் ஒரு சுற்றுப் போனேன். ஜனங்கள் தெறித்து ஓடினார்கள்."

ஆண் போலீஸின் கை மெதுவாக இடுப்புப் பக்கம் போனது. கரண்டியோடு ஓடிவந்தாள் சுகந்தி. "ஐயோ, பைக்! அவர் சொல்றது பைக்!" என்று தமிழில் கத்தினாள். பிறகு சுதாரித்து, ஆங்கிலத்தில் சொன்னாள்: "எங்கள் ஊரில் வண்டியின் புகைக்குழாய்க்கு அதுதான் பெயர். இவருக்குக் குழாய் முனையில் எது இருந்தாலும் சைலன்சர். தோட்டத்து ஹோஸ் பைப்பைக் காட்டினாலும் அதையே சொல்வார்."

துப்பாக்கியில் சைலன்சர் வைத்திருப்பது இந்த நாட்டில் பெரிய குற்றம் என்பதை அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கராஜைத் திறந்து காட்டினேன். பார்த்தார், பெருமூச்சு விட்டார். ஆனாலும் எழுத்தில் வந்த வாக்குமூலம் ஆயிற்றே, பரிசோதித்துவிட்டுச் சொல்கிறோம் என்று ரசீது கொடுத்து ரைஃபிளை எடுத்துப் போனார்கள்.

அடுத்த நான்கு நாளும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். ஈமெயில் அனுப்பியே நாடு கடத்தப்பட்ட முதல் ஈரோட்டுக்காரன் என்று ஊரில் பேசுவார்கள் என நடுங்கினேன். சுகந்தி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் வாய் திறந்தாள்: "உங்களை அனுப்பிட்டாங்கன்னா நான் கூட வரமாட்டேன், சொல்லிட்டேன். வேணும்னா வீடியோ கால்ல பேசலாம்." சொல்லிவிட்டு அழுதாள். அழ வைத்தவன் நான்தான். அந்த நாட்களில் என்னைவிடக் கேவலமான பிறவி டார்னெய்ட்டில் யாரும் இல்லை என்று மனதார நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

புதன்கிழமை மதியம் அந்த அம்மா போன் செய்தார். அது வெறும் பிரேக்தான், குற்றம் ஏதுமில்லை. வந்து எடுத்துப் போகலாம். நீளம் குறையாமல் மெக்கானிக்கே மாற்றித் தரலாம். கடைசியாக, "தயவுசெய்து இனி அந்த வார்த்தையை எங்கேயும் எழுதாதீர்கள்" என்றார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை உறுதிமொழி எடுத்தேன். பிறகு மெக்கானிக் பழைய துண்டை நீக்கி, துளையில்லாத ஒன்றை அளவு பார்த்துப் பொருத்தித் தந்தார். இப்போது உதையெல்லாம் என் தோளுக்குத்தான். ஹெதர் அம்மையார் சந்தோஷமாக இருக்கிறார்.

ஆனால் வீட்டில் எனக்கு விடுதலை கிடைக்கவில்லை. விருந்துகளில் நான் ஆஸ்திரேலிய அரசியலை விளக்க ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆனதும், ரமணன் அண்ணை காதைப் பொத்திக்கொண்டு கேட்பார்: "தங்கச்சி, இந்த மனுசனை நிப்பாட்ட ஒரு வழியும் இல்லையோ?"

சுகந்தி கிண்ணத்தில் பாயாசம் ஊற்றியபடியே சொல்வாள்: "என்ன செய்யறதுங்கண்ணா, இந்த நாட்டுல சைலன்சர் போட்டா ஜெயிலாம். போலீஸுக்கே எழுதிக் கேட்டாச்சு."