எலைட் ஆமையும் வெறும் கீரியும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பித்தால் உங்களுக்கு வசதியாக இருக்கும். என்ன செய்வது, இந்தக் காட்டில் சிங்கம் இல்லை. சம்பளத்துக்கு ஆடும் கபடி அணி ஒன்று இருந்தது. இப்போதெல்லாம் ஒரு காட்டுக்கு அதுதான் முக்கியம்.

அந்த அணியில் மாசானம் என்றொரு கீரி. ரெய்டர். அதாவது 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிராளி பக்கம் போய், யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பி வருகிற வேலை. மாசானம் போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. தொடப்பட்டவன் குனிந்து தன் காலைப் பார்ப்பதற்குள் இது இந்தப் பக்கம் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும். மேட்சுக்கு மேட்ச் பாயிண்டாக அள்ளியது.

இப்படி ஒருவன் கிடைத்தால் ஒரு காடு என்ன செய்யும்? தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் என்றுதானே நினைப்பீர்கள்? ரொம்ப நல்லவர் நீங்கள். இந்தக் காடு விவாதம் நடத்தியது.

தினமும் சாயங்காலம் பெரிய நாவல் மரத்தடியில் நேரலை. காடு முழுக்க அவரவர் செல்போனில் பார்க்கும். நடத்துவது ஒரு பச்சைக்கிளி. எதிரே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் மூன்று நிபுணர்கள்: ஒரு கரடி, ஒரு கொக்கு, ஓர் ஆமை. ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர், விளம்பரம் கொடுக்கும் தேன் கம்பெனி உபயம். தலைப்பு என்றைக்கும் ஒன்றுதான்: 'மாசானம் நல்ல ரெய்டர். ஆனால் எலைட்டா?'

எலைட் என்றால் என்ன என்று அந்தக் காட்டில் ஒருவருக்கும் தெரியாது. கிளி எங்கேயோ கேட்டுவிட்டு வந்து சொன்ன வார்த்தை. அர்த்தம் தெரிந்திருந்தால் விவாதம் அன்றைக்கே முடிந்திருக்கும். தெரியாததால் வருஷக்கணக்கில் ஓடியது.

"பாயிண்ட் எடுக்கறான், நான் இல்லேங்கல," என்று கரடி ஆரம்பிக்கும். "ஆனா உடம்பைப் பாருங்க. எலைட் ரெய்டர்னா உள்ளே நுழையும்போதே எதிராளிக்கு வயித்தைக் கலக்கணும். இவன் நுழையறதே கண்ணுக்குத் தெரியலையே!" சொல்லிவிட்டுத் தன் தொப்பையைத் தடவிக்கொள்ளும். கரடியும் ஒரு காலத்தில் அணியில் இருந்தது. மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில் உட்கார்ந்தது. பெஞ்ச் உடைந்தது. அத்தோடு ஓய்வு பெற்று நிபுணர் ஆகிவிட்டது.

"எனக்கு நிதானம் முக்கியம்," என்னும் கொக்கு. "ஒத்தைக் கால்ல நிக்கத் தெரியணும். இவன் நாலு காலையும் பயன்படுத்தறான். தப்பா எடுத்துக்காதீங்க, அது ஒரு விதத்துல ஏமாத்து வேலை."

ஆமையின் பெயர் ஆவுடையப்பன். அது எப்போதும் கடைசியாகத்தான் தலையை வெளியே நீட்டும். அதனாலேயே அதற்கு மரியாதை அதிகம். "எல்லாம் சரி. பெரிய மேட்ச்ல, கடைசி ரெய்டு போய் ஜெயிச்சுக் கொடுத்திருக்கானா?"

"இல்லை ஐயா," என்று கிளி சிறகடித்துக் குதிக்கும்.

இல்லைதான். ஏனென்றால் பெரிய மேட்சில் கடைசி ரெய்டுக்கு மாசானத்தைப் பயிற்சியாளர் அனுப்பியதே இல்லை. பயிற்சியாளர் ஒரு காட்டெருமை. முட்டினால் மரம் சாயும், ஆனால் அந்த நேரலை என்றால் நடுங்கும். "நான் அனுப்பத்தான் நினைக்கிறேன் தம்பி. ஆனா நீ எலைட்டான்னு இன்னும் முடிவாகலையே?" என்று கேட்கும். கடைசி ரெய்டு போகாததால் எலைட் இல்லை, எலைட் இல்லாததால் கடைசி ரெய்டு இல்லை. இதில் எந்த இடத்தில் தப்பு என்று நானும் யோசித்துப் பார்த்தேன். தலை சுற்றுகிறது, விட்டுவிட்டேன்.

கோடை வந்தது. ஓடை வற்றியது. மிச்சமிருந்தது மலைக்காட்டு எல்லையில் இருக்கிற ஆழமடு ஒன்றுதான். அதில் இரண்டு காட்டுக்கும் போதுமான தண்ணீர் இல்லை. ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொள்ள வேண்டாம் என்று அந்தக் காலத்திலேயே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். மலைக்காட்டுச் செந்நாய்களோடு ஒரு கபடி மேட்ச். ஜெயித்த காடு மழை வரும்வரை மடுவில் குடிக்கலாம். தோற்ற காடு வானத்தைப் பார்க்கலாம்.

மாசானத்தின் வளையில் குட்டிகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தன. பெண்டாட்டி பேச்சி வாசல்வரை வந்தாள்.

"எலைட்டு கிலைட்டுன்னு அவங்க என்னத்தையோ பேசட்டும். நீங்க காதுல வாங்காதீங்க. பிள்ளைங்களுக்குத் தண்ணி வேணும். அவ்வளவுதான்."

"வாங்கித் தர்றேன் புள்ள," என்றது மாசானம்.

பாவம், அன்று சாயங்கால விவாதத்தை அது பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் நிபுணர்கள் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். "கபடின்னாலே என்ன? மூச்சு," என்றது ஆமை. "காலு, கையி, வேகம் எல்லாம் அப்புறம். மூச்சை யார் ரொம்ப நேரம் பிடிக்கிறானோ அவன்தான் எலைட்." கரடி தலையாட்டியது. கொக்கு காலை மாற்றி நின்று தலையாட்டியது. உடனே சோதனை வைத்தார்கள். தேன் கம்பெனி உபயத்தில் நிரப்பிய தண்ணீர்த் தொட்டியில் ஆமை இறங்கியது. நிகழ்ச்சி முடியும்வரை மேலே வரவே இல்லை.

"ஐயா, அடியில என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றது கிளி.

"கபடி கபடின்னு பாடிட்டிருந்தேன். குமிழி வந்துச்சே, பார்க்கலையா?"

காடே வாயைப் பிளந்தது. அடேயப்பா, எலைட் என்றால் இதுதான் போலிருக்கிறது! "எனக்கு ஆசையெல்லாம் கிடையாது. காடு கூப்பிட்டா மறுக்க மாட்டேன்," என்று ஆமை சொல்லி முடிப்பதற்குள் காட்டெருமை மூச்சிரைக்க ஓடி வந்து அதன் ஓட்டில் அணியின் சட்டையை மாட்டிவிட்டது.

மறுநாள் மேட்ச். செந்நாய்கள் சும்மா சொல்லக்கூடாது, பின்னியெடுத்தன. ஆனால் மாசானம் அன்றைக்கு ஆடிய ஆட்டம் இருக்கிறதே! பாடிப் போகும், ஒன்றைத் தொடும், வளைந்து வரும். மறுபடி போகும், இரண்டைத் தொடும். கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்த செந்நாய் மண்ணைத்தான் பிடித்தது. கடைசியில் கணக்கு இப்படி வந்து நின்றது. நம் காடு ஒரு பாயிண்ட் பின்னால். பாக்கி இருப்பது ஒரே ஒரு ரெய்டு. எதிரே பாக்கி இருப்பது ஒரே ஒரு செந்நாய், அதுவும் முன்னங்காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டு. அதைத் தொட்டுவிட்டு வந்தால் மொத்த அணியும் அவுட். மடு நமக்கு.

மாசானம் தொடையைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டுக்கு வந்தது. கூட்டத்தில் பேச்சி எழுந்து நின்றாள்.

"டைம் அவுட்!" என்று கத்தியது காட்டெருமை.

"எதுக்குண்ணே?" என்றது மாசானம். "தொட்டா முடிஞ்சுது."

காட்டெருமை தன் செல்போனைக் காட்டியது. திரையில் நேரலை. 'இது கடைசி ரெய்டு. இதற்குத்தான் எலைட் ரெய்டர். இப்போதும் கீரியை அனுப்பினால் பயிற்சியாளர் பதவி விலக வேண்டும்' என்று கரடி மேஜையைக் குத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, அந்த செந்நாய் நொண்டுது. நான் கண்ணை மூடிக்கிட்டுத் தொடுவேன்."

"அதான் தம்பி பிரச்சனையே. நொண்டியைத் தொட்டு ஜெயிச்சா அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க பேசுவாங்க. வெளியே வா. ஆவுடையப்பன் ஐயா, நீங்க போங்க."

மாசானம் வாதாடியது, கெஞ்சியது, கடைசியில் காலில் விழுந்தது. காட்டெருமையின் கண்ணும் கலங்கியது, அதை மறைக்க முடியாது. ஆனாலும் மாற்றினது மாற்றினதுதான்.

ஆமை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தது. விசில் ஊதினார்கள். ரெய்டுக்கு முப்பது விநாடிதான் நேரம். 'கபடி கபடி' என்று கணீரென்று பாடிக்கொண்டு ஆமை வலது காலை எடுத்து வைத்தது. அப்புறம் இடது காலை எடுத்து வைத்தது. எதிரே இருந்த நொண்டிச் செந்நாய் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தது. பிறகு உட்கார்ந்தது. பிறகு படுத்துக்கொண்டது. ஆமையின் மூக்கு நடுக்கோட்டை நெருங்கும்போது இறுதி விசில் ஊதியது.

மூச்சு மட்டும் விடவே இல்லை.

மடு போய்விட்டது. மலைக்காட்டுக்காரர்கள் அன்றைக்கே இறங்கிக் குளித்தார்கள். நம் காட்டில் நாக்கு வறண்டது, தொண்டை வறண்டது. ஆனால் விவாதம் வறளவில்லை. சொல்லப்போனால் அன்றைக்கு நேரலையைப் பார்த்த அளவு கூட்டம் அதுவரை பார்த்ததே இல்லை.

"ஐயா பிடிபட்டாரா? இல்லை," என்றது கொக்கு. "மூச்சு விட்டாரா? இல்லை. இதுவரை போன ரெய்டில் ஒருமுறைகூடச் சிக்காத ஒரே ரெய்டர் இவர்தான்."

"அப்போ தோத்தது?" என்றது கிளி.

"அணி தோத்துது. எலைட் தோக்கலை," என்றது கரடி.

அந்த நேரத்தில்தான் மாசானம் ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு மரத்தடிக்குள் பாய்ந்தது. பின்னாலேயே பேச்சி. வளையில் குட்டிகளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. மூன்று பேரையும் கேட்காத கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவது என்று வந்திருந்தது. வாயைத் திறந்தது.

கிளி அசரவில்லை. "ஆஹா! முன்னாள் ரெய்டர் மாசானம் அண்ணன் நேரிலேயே வந்திருக்கிறார். வாங்க அண்ணே, உட்காருங்க. அண்ணனுக்கு ஒரு டம்ளர் வைங்கப்பா!"

'முன்னாள்' என்றது மாசானத்தின் காதில் விழுந்தது. ஆனால் மேஜை மேல் வந்து உட்கார்ந்த டம்ளர் அதைவிடப் பலமாகக் கண்ணில் விழுந்தது. விளிம்புவரை தண்ணீர்.

"சொல்லுங்கண்ணே, ஆடினவங்க சொன்னா அதுக்கு மதிப்பே வேற. உண்மையான எலைட் யாரு?"

மாசானம் டம்ளரைப் பார்த்தது. பேச்சியைப் பார்த்தது. பேச்சி டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆவுடையப்பன் ஐயாதான்," என்றது மாசானம். "நானும் பாயிண்ட் எடுத்திருக்கேன், இல்லேங்கல. ஆனா எங்கிட்ட அந்த மூச்சு கிடையாது."

கரடி கைதட்டியது. ஆமை அடக்கத்தோடு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

வளைக்குத் திரும்பும் வழியில் மாசானம் டம்ளரைத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தது. வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக அது நடந்ததே இல்லை.

"வெக்கமா இருக்கு புள்ள," என்றது கடைசியில். "நாளைக்கும் வரச் சொல்லியிருக்காங்க."

பேச்சி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். நாலு குட்டிக்கு அது காணாது.

"போங்க," என்றாள். "அந்தக் கொக்கு ஒத்தைக் கால்னு ஏதோ சொல்லுதே, அதையும் சரின்னுட்டு இன்னொரு டம்ளர் கேளுங்க."

நீதி: தாகம் எடுத்தால் மைதானத்துக்குப் போகாதீர்கள். தண்ணீரை மேஜை மேல்தான் வைப்பார்கள்.