ரெனாத்தாவின் கோட்டு

அந்தக் கோட்டு நீலமா சாம்பலா என்று இப்போது கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். பெரு நாட்டு லிமா நகரின் பனித்தூறலில் எல்லா நிறமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் காமர்ரா துணிச் சந்தையின் நாலாவது மாடியில் அன்று பேசிய பேச்சு மறக்கவில்லை.

நகல் துணி பிடிக்கும் ஆய்வாளர் படியேறுகிறார் என்று தெரிந்ததும், மாதிரிக்காக வாங்கி வைத்திருந்த, பெரிய தையல் கடை நடத்தும் ரெனாத்தாவின் அசல் கோட்டை, தான் தைத்த நகல்களுக்கு நடுவே மாட்டினாள் ஹசிந்தா. லேபிள் காட்டிக்கொடுக்குமே! அதைக் கத்தரித்து விழுங்கினாள். பிறகு, கோட்டையே ஒளித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தேடினாள். எது அசல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பிலோமெனா, எதுடி அது?"

இஸ்திரி போடும் பிலோமெனா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆய்வாளருக்குப் பின்னால், புகார் கொடுத்த ரெனாத்தாவே வந்து நின்றார்.

"எது அசல், எது நகல்னு தெரியாம ஜனங்க ஏமாறுறாங்க சார். மெஷினுக்கெல்லாம் சீல் வைங்க."

ஹசிந்தா மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"கையும் காலரும் உங்க பாட்டன் சொத்தா மேடம்? உங்க பேரைப் போட்டா வித்தேன்?"

"உன் தையலும் என் தையலும் ஒண்ணாடி?"

"ஒண்ணுன்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க!"

ரெனாத்தாவின் முகம் சிவந்தது.

"என் கோட்டு எதுன்னு கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லலாம். நான் என்ன, தெருவுல போறவங்ககூடத் தடவியே சொல்லுவாங்க!"

வரிசையைத் தடவிக்கொண்டே போய் ஒன்றை உருவினார். போட்டுக்கொண்டு கைகளைத் தூக்கினார்.

"பாருங்க சார், அக்குள்ல இழுக்குதா? இதுதான் அசல். மத்ததெல்லாம் குப்பை."

ஆய்வாளர் சீல் காகிதங்களைப் பைக்குள் திணித்தார்.

"தடவினாலே தெரியும்னா யாரும் ஏமாறலை மேடம். புகார் நிக்காது."

ரெனாத்தா அந்தக் கோட்டைக் கழற்றாமலே இறங்கிப் போனார்.

"மெஷின் தப்பிச்சுது. அசல்தான் போச்சு" என்றாள் ஹசிந்தா.

"போகலைக்கா." பிலோமெனா மேசைக்கு அடியிலிருந்து முதுகு கருகிய ஒரு கோட்டை இழுத்தாள். "முந்தாநாளே பொசுக்கிட்டேன். திட்டுவியேன்னு, அதோட லேபிளைப் பிரிச்சு நம்ம கோட்டு ஒண்ணுல தைச்சு வெச்சேன். அங்க மாட்டியிருந்தது எல்லாமே நாம தைச்சதுதான்."

ஆய்வாளர் ஓய்வு பெற்றுவிட்டார். பிலோமெனா இப்போது தைக்கிறாள். இஸ்திரிப் பெட்டியை அவளிடம் கொடுப்பதில்லை. ரெனாத்தாவின் கடையில் அந்தக் கோட்டு 'நகலெடுக்க முடியாதது' என்ற அட்டையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஹசிந்தா அவ்வப்போது பஸ் ஏறிப் போய்த் தன் கோட்டைப் பார்த்துவிட்டு வருகிறாள்.