ஒரு சாண் ஜீனியா

'ஆகஸ்ட் 16. இன்று ஒரு சிறு தவறு. கிழக்கு வரிசையில் ஒரு மொட்டு என் கண்ணில் படாமல் தப்பியிருக்கிறது. கண்டதும் கிள்ளித் திருத்திக்கொண்டேன்.'

தோட்ட அறிக்கையில் இப்படி எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டான் மனு. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே செடிகள் இன்னும் தங்கள் இஷ்டத்துக்கு வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி நாகரிகப்படுத்துவது தன் பிறவிக் கடமை என்று அவன் நம்பினான். மாலை வகுப்பில் 'வீட்டுத் தோட்ட மேலாண்மை' படிப்பவன் வேறெதை நம்புவான்?

ஓணத்துக்கு அத்தப்பூக்களம் என்ற பூக்கோலம் போட ஊர் நூலகம் வழக்கமாகத் தோவாளைச் சந்தையில்தான் பூ வாங்கும். "வெளியூர்ப் பூவை நம்பி ஓணம் கொண்டாடுவது இழுக்கு" என்று இந்த ஆண்டுக் கூட்டத்தில் மனு எழுந்து முழங்கினான். பலத்த கைதட்டல். தோவாளைக்குப் போக வேண்டாம் என்று தீர்மானமாயிற்று. 'மலர்த் தன்னிறைவுப் பொறுப்பாளர்' பதவி அவனுக்கே வந்து சேர்ந்தது.

இளஞ்செடியின் நுனியை ஒருமுறை கிள்ளினால் பக்கக் கிளை வரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒருமுறையே நல்லதென்றால் தினமும்? மனு தினமும் கிள்ளினான். அவன் நட்ட ஜீனியாப் பூச்செடிகள் உருண்டு திரண்டு, மேலதிகாரியைக் கண்ட குமாஸ்தாக்கள்போல் அடக்கமாக நின்றன.

"மக்கா, இதுல பூவு வருமா, இல்லேங்கி நான் கீரையா அரிஞ்சு தோரன் வைக்கட்டா?" என்றாள் அம்மா அம்மிணி.

"இது கட்டமைப்புக் காலமாக்கும், அம்மா."

விடிந்தால் அத்தம், முதல் களம் போடும் நாள். மொட்டைக் கிள்ளிய அன்றைக்குச் சாயங்காலமே நூலகச் செயலாளர் லிஷா கூடையோடு வந்து நின்றாள்.

"எலே மனு, பூவு எங்கலே?"

"செடி எவ்வளவு அடர்த்தியா இருக்குன்னு பாருங்கக்கா."

"அடர்த்தியையா களத்துல போடுகது? விதைப் பாக்கெட்டை எடு."

எடுத்தான். அவள் படித்தாள்.

"குட்டை இனம்னு கொட்டை எழுத்துல உண்டு. தானா குட்டையா நிக்கிற செடியை நீ எதுக்குலே தலையில தட்டினே?"

வகுப்புக் குறிப்புகளில் இதற்கு விடை இல்லை. அதனால் உண்மை வந்துவிட்டது.

"பூத்த பிறகு, பூவு கொள்ளாது, நல்லால்லன்னு யாராவது சொன்னா?"

லிஷா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வேலியில தும்பையும் முக்குற்றியும் பூத்துக் கிடக்கு, நான் பறிச்சுக்கிடுதேன். நீ வளத்தது செடியை இல்லலே, உனக்க பயத்தையாக்கும். அது மட்டும் ஆளுயரம் வந்திருக்கு!"

மனு மறுபடியும் எழுத உட்கார்ந்தான்.

'நாளைய வேலை: களம் போடும் முன்பே நூலகம் போய், பூ ஏன் இல்லை என்று வருகிறவர்களிடம் சொல்வது. அறிக்கையாக அல்ல, வாயால்.'