சீல் வைத்த ஓவனுக்குள் காணாமல் போன பழம்

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா நலம். நான் நலத்துக்கும் இரண்டு படி மேலே இருக்கிறேன். காரணத்தை உட்கார்ந்து நிதானமாகப் படி.

போன மாதம் உன் அக்கா என்னைச் சமையலறையை விட்டுத் துரத்தியபோது நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். அப்படி நான் என்ன செய்துவிட்டேன்? முப்பத்தொரு வருடம் சரக்குக் கிடங்கைக் கட்டி மேய்த்தவன், ஓய்வு பெற்றதும் வீட்டுச் சரக்கை ஒழுங்குபடுத்தினேன். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது கிடங்கு விதி. வாடிய பீன்ஸ் தீர்ந்த பிறகுதான் புதுத் தக்காளியைத் தொடலாம் என்றேன். பீன்ஸ் தீர்வதற்குள் தக்காளி வாடியது, தக்காளி தீர்வதற்குள் கீரை வாடியது, ஆக ஒரு வாரம் முழுக்க வாடினதையே தின்றோம். அதற்குப் போய், "ஒரே ஒரு பண்டம், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, நீங்களே முழுசா செஞ்சு காட்டுங்க. அதுவரைக்கும் இந்த வாசப்படியத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட ஹாலில் நின்று கையை நீட்ட வேண்டியதாயிற்று. எனக்கு அது பெரிய அவமானம் மைத்துனா.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பரீட்சைக்கு மட்டும் வாசப்படி தாண்ட அனுமதி வாங்கிக்கொண்டு களத்தில் இறங்கினேன். மைதா பொட்டலத்தின் முதுகில் பழக் காப்ளர் என்ற வெள்ளைக்காரப் பலகாரத்தின் செய்முறை போட்டிருந்தது. தட்டில் வெண்ணெயை உருக்கு, மாவும் சர்க்கரையும் பாலும் கொஞ்சம் பேக்கிங் பவுடரும் கரைத்து ஊற்று, மேலே பழத்தை அடுக்கு, கிளறாதே, ஓவனில் வை. இவ்வளவுதான். பதினொரு பிளம்ஸை நாலு நாலாக நறுக்கினேன், நாற்பத்து நாலு துண்டு. இரண்டைச் சேதாரக் கணக்கில் வாயில் போட்டுக்கொண்டு, மீதி நாற்பத்திரண்டையும் வரிசை பிசகாமல் அடுக்கினேன். என் கை சும்மா இராது, திறந்து திறந்து பார்க்கும் என்று எனக்கே தெரியும். அதனால் ஓவன் கைப்பிடியில் கயிறு கட்டி, முடிச்சின் மேல் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒட்டிவிட்டேன்.

அரை மணி கழித்துக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் பகீரென்றது. பழம் ஒன்றுகூட இல்லை! வெறும் மாவு மட்டும் பொன்னிறமாகப் பூரித்துக்கொண்டு நிற்கிறது. சீல் அப்படியே இருக்கிறது, சரக்கைக் காணோம். என் சர்வீஸில் இப்படி ஒரு திருட்டு நடந்ததே கிடையாது. "சரக்கு காணோம்! யாரும் வெளியே போகாதீங்க!" என்று கத்திக்கொண்டு மாடிப்படி வரை ஓடினேன். மாடியில் குடியிருக்கும் தையல்காரர் பாவம், பாதி சவரத்தோடு வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். உன் அக்கா மட்டும் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, செய்தித்தாளைக்கூட மடக்கவில்லை.

நேரம் முடிந்ததும் சாட்சிக்குத் தையல்காரரை நிறுத்தி சீலை உடைத்தேன். கரண்டியை விட்டால், அட, அத்தனை பழமும் அடியில் சாறு விட்டுக்கொண்டு படுத்திருக்கிறது! மாவு உப்பி மேலே வர, பழம் கீழே போய்விட்டிருக்கிறது. நான் துண்டுகளை எண்ண ஆரம்பித்தேன். "எண்ணினது போதும், தட்டுல போடுங்க" என்றாள் உன் அக்கா.

சாப்பிட்டாள். இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தட்டை வழித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். கல்யாணமாகி முப்பத்து நாலு வருடத்தில் என்னைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தையல்காரர்தான் சாட்சி.

ஆகவே தடை நீங்கியது, ஜெயித்துவிட்டேன். இனி நீ சிரிப்பதானால் என் எதிரில் சிரித்துப் பார். குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் இருங்கள்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உன் அக்கா வந்து, தன் ஏப்ரனைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டாள். "நீங்க அறுபதுல ரிட்டயர் ஆனீங்க. நான் இன்னைக்கு" என்கிறாள். விளையாட்டு இல்லை, சாயந்திரத்துக்கு என்ன சமையல் என்று இப்போதே கேட்கிறாள். மைத்துனா, கடிதம் கிடைத்ததும் உன் அக்காவுக்குப் போன் பண்ணு. அந்தக் காப்ளரை நீதான் பேக்கரியில் வாங்கிப் பின்வாசல் வழியாகக் கொடுத்தாய் என்று சத்தியம் செய். மேலே எழுதியதில் ஒரு வரியும் உண்மையில்லை என்று வைத்துக்கொள். ஆனால் ருசி சுமார்தான் என்று மட்டும் தவறிக்கூடச் சொல்லிவிடாதே.