தகடு மட்டும் போதாது, மாப்பிள்ளை!

என் மகளின் கணவரும் கால்நடை அறுவை மருத்துவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் சோதனை இயந்திரமும் நலம். அங்கு நீங்களும் மகளும் நலமாகவும், தெருவிலிருந்து அவள் தூக்கிவந்த தொடையெலும்பு முறிந்த நாய் நலம்பெறும் வழியிலும் இருப்பதாகக் கொள்கிறேன். இக்கடிதத்தின் படம் இன்றே உங்கள் கைபேசிக்கு வரும். மூலம் தபாலில் வரும்.

நாளைக் காலை அறுவையில் முறிவின் மேல் உலோகத் தகடு வைத்துத் திருகினால் போதும் என்கிறீர்கள். எலும்பின் உட்குழலில் கம்பியும் வேண்டும் என்பது என் கட்சி. தகடு வளைந்தால் அந்த நாய்க்குக் கால் போய்விடும். ஆகவே இன்று எங்கள் கல்லூரியின் பொருள் வலிமை ஆய்வகத்தில் சோதித்தே விட்டேன்.

நீங்கள் நிரப்பி அனுப்பிய சோதனைப் படிவத்தில் நாயின் எடைக்கான கட்டம் காலி. காலிக் கட்டத்தோடு நான் இயந்திரத்தைத் தொடுவதில்லை. நீங்கள் கால்நடை மருத்துவ முகாமில் இருந்ததால் மகளைக் கேட்டு, அவள் சொன்ன எண்ணை மையால் எழுதி, அதற்குரிய பாரத்தைக் கணக்கிட்டேன். எங்கள் மூத்த இயந்திரப் பணியாளர் (எல்லோரும் அவரை 'முறுக்காணி' என்பார்கள்) எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது நாயா, கன்னுக்குட்டியா?" என்றார். "ஃபாரத்துல இருக்கறதுதான்யா நாய்" என்றேன். முதல் செயற்கை எலும்பில் தகடு மட்டும், நடையைப் போல அழுத்தி அழுத்தி விட்டதில் நாற்பதாவது அடியிலேயே கரண்டிக் காம்பு மாதிரி வளைந்துவிட்டது, இரண்டாவதில் இயந்திரத்தின் பிடிப்பு நழுவி, எலும்பு பறந்துபோய்த் துறைத் தலைவியின் மேசையில் விழ, அந்த அம்மாள் வெளியே வந்து, "யாருய்யா எலும்பத் தூக்கிப் போடறது? நான் என்ன குரைச்சேனா?" என்றார், நான் விபத்துப் படிவத்தை இரண்டு பிரதிகளாக நீட்டினேன், "இதுக்குமா ஃபாரம்!" என்று தலையிலடித்துக்கொண்டே கையெழுத்திட்டார், மூன்றாவதில் தகடும் கம்பியும் சேர்த்து மாட்டினோம், ஆயிரம் அடி, ஐயாயிரம் அடி, பத்தாயிரம் அடி, மாப்பிள்ளை, மயிரிழைகூட அசையவில்லை! துள்ளிக் குதித்துவிட்டேன். ஆய்வகத்தில் குதிக்கக் கூடாது என்ற விதியை எழுதியவனே நான் என்பதால், மீறல் பதிவேட்டில் என் பெயரை நானே ஏற்றினேன். "இன்னொரு தடவ குதிங்க சார், நான் பாக்கல" என்றார் முறுக்காணி. குதித்தேன். அதையும் ஏற்றினேன்.

ஆகவே, கம்பி இல்லாமல் கத்தியைத் தொட வேண்டாம் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் மனமொத்து, எலும்பு முறியாமல் நெடுநாள் வாழ வாழ்த்தும்,
மாமனார்.

பி.கு.: கடிதத்தைப் படம் எடுக்கப்போகும் நேரத்தில் மகள் அழைத்தாள். "அப்பா, அது தராசுல நிக்கவே மாட்டேன்னுச்சு. நான்தான் தூக்கிட்டு நின்னேன். என்னைக் கழிச்சிட்டீங்கதானே?" கழிக்கவில்லை. அவள் எடையைக் கேட்டேன். "எதுக்கு?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுச் சொன்னாள். கழித்தால் நாய் பதினோரு கிலோ. அந்தப் பாரத்தில் மறுபடி ஓட்டினேன். தகடு தனியாகவே பத்தாயிரம் அடியும் தாங்கியது. நாளை தகடே போதும். நீங்கள் சொன்னதே சரி. எழுதிய கடிதத்தைக் கிழிப்பது என் வழக்கமில்லை. எனவே மேற்கண்ட யாவும் ரத்து. ஒரு முடிவு மட்டும் செல்லும்: தகடும் கம்பியும் பொருத்திய ஒற்றை நாய்க்காலில், உங்கள் மனைவி நாயையும் தூக்கிக்கொண்டு பத்தாயிரம் அடி நடக்கலாம். இதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.